சூதில் நிதானம் உண்டா?

  

வல்ல நாயன் தன் திருமறையில் மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் சேர்த்தே விலக்கியிருக்கிறான். ஆனால் நம் வீடுகளில் இவ்விரண்டையும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை. மகன் குடித்துவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்டால் உம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். வாசற்படி ஏறாதே என்கிறார் வாப்பா. அதே மகன் சனிக்கிழமை இரவு சிநேகிதர்களின் அறையில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்து, விடியும் வரை பணம் வைத்து ஆடுகிறான் என்றால், 'பையன்கள் ஏதோ பொழுதுபோக்குக்கு ஆடுகிறார்கள்' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். சூதுக்கு வாய்நாற்றம் இல்லை என்பதுதான் காரணம் போலும்!

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய், தன் மகனை என்னிடம் அனுப்பி வைத்தார். நன்றாகப் படித்த பையன். கம்பெனியில் நல்ல சம்பளம். ஐந்து நேரமும் இல்லாவிட்டாலும் ஜும்ஆவைத் தவறவிடாதவன். இஷாவுக்குப் பின் பள்ளியின் முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசினோம். வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை இது: "ஹஜ்ரத், நான் சூதாடவில்லை. கணக்குப் போடுகிறேன்."

அவன் ஆடுவது போக்கர் என்னும் சீட்டாட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுப்பார்களாம். நடுவில் ஐந்து சீட்டுகளைப் படிப்படியாகத் திறந்து வைப்பார்களாம். ஒவ்வொரு படியிலும் யாராவது பணம் வைத்தால் தானும் வைக்க வேண்டும், அல்லது சீட்டை மடக்கி வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். இரண்டு ஆஸ் சேர்ந்து கைக்கு வருவது 221 தடவைக்கு ஒரு தடவைதான் என்றான். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது, எதிராளி 50 வைக்கிறான், நானும் 50 வைத்தால்தான் தொடரலாம் என்றால், நான்கு தடவைக்கு ஒரு தடவையாவது ஜெயிக்கும் சீட்டு என்னிடம் இருந்தால் மட்டுமே வைப்பேன் என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை ஐம்பது ஐம்பதாக 150 போகிறது, ஒரு தடவை 150 வருகிறது. கணக்கு சரிதான்.

மேலும் சொன்னான்: "கண்டபடி ஆடுகிறவன் அழிந்து போவான் ஹஜ்ரத். பயந்து பயந்து ஆடுகிறவனும் அழிவான், அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுவார்கள். நல்ல சீட்டுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வந்துவிட்டால் தயங்காமல் ஓங்கி வைக்க வேண்டும். எச்சரிக்கையும் துணிச்சலும் சரிசமமாக இருக்க வேண்டும். இது புத்தியின் ஆட்டம். நஸீபை நம்பி ஆடுவதுதானே சூது?"

இந்தக் கேள்வியைக் கேலி செய்து அனுப்பிவிடக் கூடாது. நம் பிள்ளைகளில் பலர் இன்று இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நாட்டின் நீதிமன்றங்களிலும் ஆதாரம் காட்டுகிறார்கள். ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே கூறியது. குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததே என்று 1996இல் கூறியது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தபோது, அதில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகவே தடுத்துவிட்டது. கைப்பேசியில் அடைபட்டது இப்பொழுது அறைகளுக்குள் நடக்கிறது. சட்டம் இப்படியும் வரும், அப்படியும் வரும். நாம் பார்க்க வேண்டியது, ஷரீஅத் எதைக் கண்டு இதை விலக்கியது என்பதையே.

இதற்கு ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளின் 'மைஸிர்' எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. திருமறை விலக்கிய சொல் அதுதான். நம்மில் பலருக்கு அது ஒரு பெயராக மட்டுமே தெரியும்.

பஞ்ச காலத்தில், குளிர் நாட்களில், ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுப்பார்கள். பங்கு வைப்பார்கள். ஒரு பையில் பத்து அம்புகளைப் போட்டுக் குலுக்குவார்கள். அவற்றில் மூன்று வெற்று அம்புகள். மற்ற ஏழுக்கும் பெயர் உண்டு. முதல் அம்பு 'ஃபத்து', அதற்கு ஒரு பங்கு. அடுத்தது 'தவ்அம்', இரண்டு பங்கு. பிறகு 'ரகீப்', 'ஹில்ஸ்', 'நாஃபிஸ்', 'முஸ்பில்' என்று ஒவ்வொரு பங்காக ஏறி, ஏழாவது அம்பான 'முஅல்லா'வுக்கு ஏழு பங்கு. ஆட்டத்தில் சேருகிறவன் தனக்கு வேண்டிய அம்பைத் தானே தேர்ந்துகொள்வான். அம்பு வந்தால் அத்தனை பங்கு இறைச்சி அவனுக்கு. வராவிட்டால் அத்தனை பங்குக்குரிய விலை அவன் தலையில்.

இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். 'ஃபத்து' அம்பை எடுக்கிறவன் யார்? எச்சரிக்கைக்காரன். வந்தால் ஒன்று, போனால் ஒன்று. 'முஅல்லா'வை எடுக்கிறவன் யார்? துணிச்சல்காரன். வந்தால் ஏழு, போனால் ஏழு. இவ்விரண்டுக்கும் நடுவில் 'ஹில்ஸ்' என்று நான்கு பங்கு அம்பை எடுத்துக்கொண்டு, 'நான் நிதானமானவன்' என்று சொல்லிக்கொண்டவனும் இருந்திருப்பான். ஆக, அந்தப் பையன் இன்று கண்டுபிடித்ததாக நினைக்கும் எச்சரிக்கையும் துணிச்சலும் அந்த ஒட்டகத் தோலின்மேலேயே இருந்தன. திருமறை வந்தபோது 'முஅல்லா'வை விலக்கி 'ஃபத்து'வை அனுமதித்ததா? இல்லை. பையோடு, அம்போடு, ஆட்டம் முழுவதையுமே ஷைத்தானின் வேலை, அசுத்தம் என்று சூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனம் ஒதுக்கித் தள்ளியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெயித்தவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் தின்னாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதைப் பெருமையாகக் கருதினார்கள். ஆட்டத்தில் சேராதவனைக் கஞ்சன் என்று பொருள்படும் 'பரம்' என்ற பெயரால் பழித்தார்கள். இன்றும், 'எனக்கு வேண்டாம்' என்று எழுந்து போகிற பையனைப் பயந்தாங்கொள்ளி என்றுதானே கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள்? அல்லாஹுத்தஆலா இந்த நன்மையைக் காணாமல் விடவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தில், மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று கூறுகிறான். ஏழைகளின் வயிற்றை நிரப்பிய ஒட்டகச் சூதுக்கே மன்னிப்பு இல்லையென்றால், ஒரு சிநேகிதனின் பாக்கெட்டிலிருந்து இன்னொரு சிநேகிதனின் பாக்கெட்டுக்குப் போகும் இந்தச் சூதுக்கு என்ன சொல்வது?

சரி, திறமை என்ற வாதத்துக்கு வருவோம். திறமை இருந்தால் சூது ஹலாலாகிவிடும் என்றால், நம் ஃபுகஹாக்கள் குதிரைப் பந்தயத்தைப் பற்றி அத்தனை கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. குதிரை ஓட்டுவதைவிடத் திறமையான காரியம் வேறென்ன? போட்டிப் பரிசு என்பது அம்பு எய்தல், ஒட்டகம், குதிரை ஆகியவற்றில்தான் என்று ஹதீஸ் வந்திருக்கிறது. அதாவது மார்க்கமே ஊக்கப்படுத்திய போட்டி. அப்படிப்பட்ட பந்தயத்திலும், இருவர் ஆளுக்கொரு தொகையை வைத்து, ஜெயித்தவன் இரண்டையும் எடுத்துக்கொள்வது என்றால் அது கூடாது என்றே நம் ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்கள் கூறுகிறார்கள். தலைவர் ஒருவர் பரிசு கொடுத்தால் கூடும். இருவரில் ஒருவர் மட்டும் வைத்தால் கூடும். இருவரும் வைத்தால், பணம் எதுவும் வைக்காத மூன்றாவது ஒருவர், உண்மையிலேயே ஜெயிக்கக்கூடிய குதிரையோடு நடுவில் சேர வேண்டும். இல்லையேல் அது 'கிமார்', சூது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆட்டத்தில் புத்தி இருக்கிறதா, நஸீபு இருக்கிறதா என்பதன்மேல் அவர்கள் சட்டத்தைக் கட்டவில்லை. பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதையே பார்த்தார்கள். உட்காருகிற ஒவ்வொருவனும், ஒன்று பிறர் பணத்தை எடுப்பான், அல்லது தன் பணத்தை இழப்பான் என்ற நிலையில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் கிமார். அவன் மேதாவியாக இருந்தாலும் சரி, மூடனாக இருந்தாலும் சரி.

அந்தப் பையனிடம் நான் கேட்டேன்: "தம்பி, ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொண்டு வருகிறீர்கள். விடியும்போது அறையில் எவ்வளவு இருக்கும்?" "ஆறாயிரம்" என்றான். பிறகு தானே, "வீட்டுக்காரர் டீக்கும் இடத்துக்கும் கழித்துக்கொள்வார், கொஞ்சம் குறையும்" என்றான். கைப்பேசியில் ஆடிய காலத்தில் கம்பெனிக்காரன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை உருவிக்கொள்வானாம். அதற்கு 'ரேக்' என்று பெயராம். ஆகவே ஆறு பேர் இரவெல்லாம் மூளையைக் கசக்கியதில் ஒரு ரூபாய்கூடப் புதிதாகப் பிறக்கவில்லை. உன் திறமை என்பது, எதிரில் இருப்பவனின் மாதச் சம்பளத்தை அவனைவிடக் கெட்டிக்காரத்தனமாக எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

வியாபாரத்திலும் நஷ்டம் உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனாவுக்கு வந்தார்கள். ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, அதை ஏற்காமல், கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சம்பாதித்தார்கள். துணிச்சலும் அங்கே இருந்தது, நிதானமும் இருந்தது. ஆனால் அவர்கள் சம்பாதித்த ஒவ்வொரு திர்ஹமுக்கும் மதீனாவில் ஒரு வீட்டில் நெய் போய்ச் சேர்ந்தது. வாங்கியவரும் நஷ்டப்படவில்லை, விற்றவரும் நஷ்டப்படவில்லை.

அன்பர்களே! இந்தத் துணிச்சல் என்னும் விஷயத்தில் இன்னும் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. போக்கரில் ஓங்கி வைப்பது என்பதில் பாதி, கையில் ஒன்றுமில்லாமலே இருப்பதுபோல் காட்டி வைப்பது. எதிராளியைப் பயமுறுத்தி ஓட வைப்பதற்காக. அதற்கு 'ப்ளஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் மறைத்துக் காய்ந்ததை மேலே வைத்திருந்தார் வியாபாரி. ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் அப்போதுதான் கண்டித்தார்கள். ஈரத்தை அடியில் மறைப்பது அந்தக் கடையில் நடந்த ஒரு தவறு. இந்த ஆட்டத்திலோ அதுவேதான் வித்தை! "எல்லோரும் சம்மதித்துத்தானே ஆடுகிறோம்" என்றான் பையன். வட்டி கொடுக்கிறவனும் சம்மதித்துத்தான் கொடுக்கிறான் என்று பதில் சொன்னேன்.

துணிச்சலே வேண்டாம் என்று இஸ்லாம் சொல்லவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கோழைத்தனத்தை விட்டும் கஞ்சத்தனத்தை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். வீரம் என்பது கண்மூடித்தனமான பாய்ச்சலுக்கும் கோழைத்தனத்துக்கும் நடுவில் உள்ள குணம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விளக்குகிறார்கள். பையன் சொன்ன 'சரிசமம்' என்பது இந்த நடுநிலையின் நிழல்தான். நல்ல சரக்கு, இறக்கி வைத்த இடம்தான் சாக்கடை.

அல்பகராவின் 195ஆம் வசனம், உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தைச் சொல்கிறது. குஸ்தன்தீனிய்யா, அதாவது இன்றைய இஸ்தான்புல் போர்க்களத்தில், ஒரு வீரர் தனியாகவே ரோமர்களின் அணிக்குள் பாய்ந்தார். இதோ தன் கையால் அழிவைத் தேடிக்கொள்கிறார் என்று மக்கள் கூவினார்கள். அங்கிருந்த அபூ அய்யூபுல் அன்ஸாரி (ரலி) அவர்கள் மறுத்தார்கள். அந்த வசனம் அன்ஸாரிகளாகிய எங்கள் விஷயத்திலேயே இறங்கியது. இஸ்லாம் வலுப்பெற்றுவிட்டது, இனி நம் தோட்டம் துரவைக் கவனிக்கலாம் என்று நாங்கள் எண்ணினோம். சொத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதே அந்த அழிவு என்ற கருத்தில் விளக்கினார்கள். பாய்ந்தவர் அழியவில்லை, பத்திரமாக உட்கார நினைத்ததே அழிவு!

உமர் (ரலி) அவர்களின் எச்சரிக்கையையும் பாருங்கள். ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில், ஸர்ஃக் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை கேட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். எந்த இடத்தில் பாய வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதற்கு அவர்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது. சீட்டு அறையில் அந்த அளவுகோல் ஏது?

பையன் இன்னொரு கேள்வியும் கேட்டான். எங்கேயோ படித்திருக்கிறான். அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களே பந்தயம் கட்டினார்களே என்றான். உண்மைதான். ரோமர்கள் தோற்றபின் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் வெல்வார்கள் என்று சூரத்துர் ரூம் இறங்கியபோது, மக்காவின் முஷ்ரிக்குகளோடு கட்டினார்கள். குறுகிய கெடு வைத்துவிட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைப் பத்து ஆண்டுகளுக்கு உட்பட்டதாக நீட்டியிருக்கலாமே என்றார்கள். ஆனால் அது பந்தயம் விலக்கப்படுவதற்கு முன் நடந்தது என்று அந்த ரிவாயத்திலேயே வருகிறது. மேலும் அது நஸீபும் அல்ல, கணக்கும் அல்ல. அல்லாஹ்வின் வாக்கு.

இனி, அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாதம் 5,000 ரூபாய்க்குமேல் வைப்பதில்லை என்று அவன் கட்டுப்பாடு வைத்திருந்தான். பதினோரு மாதம் அதைக் காப்பாற்றியும் இருக்கிறான். அதனால்தான் அத்தனை தைரியமாகப் பேசினான். பன்னிரண்டாவது மாதம் ஓர் இரவு, ஜெயிக்க வேண்டிய சீட்டோடு தோற்றான். தோற்கடித்தவன் சிரித்தான். அவ்வளவுதான். ஃபஜ்ரு பாங்கு கேட்கும்போது 42,000 போயிருந்தது. தோல்வியின் கோபத்தில் நிதானம் கலைந்து ஆடுவதற்கு இந்த ஆட்டக்காரர்களே 'டில்ட்' என்று பெயர் வைத்து, அதற்கு இடம் கொடுக்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள், மருந்துதான் இல்லை. மாயிதாவின் 91ஆம் வசனம் இந்த நோயைத்தான் சொல்கிறது. உங்களுக்கிடையில் பகையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுக்கவுமே ஷைத்தான் விரும்புகிறான் என்கிறது. அந்த இரவில் பகையும் இருந்தது, போன ஃபஜ்ரும் இருந்தது. சிரித்தவன் அவனோடு ஒரே பெஞ்சில் படித்த சிநேகிதன். இன்று இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்தப் பணத்துக்காக மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. உம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் அப்படித்தான்.

இந்த நிலையில் உள்ள வீடுகளுக்காகச் சில மஸ்அலாக்களைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அழுதுகொண்டிருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது இதுதான்.

'வா, சூதாடலாம்' என்று ஒருவரை அழைத்தவர்கூட ஸதகா கொடுக்கட்டும் என்பது ஸஹீஹான ஹதீஸ். அழைப்புக்கே இப்படியென்றால், ஆடியவர் முதலில் செய்ய வேண்டியது தவ்பா. அந்த அறைக்குப் போவதை விடுவதும், மீண்டும் போவதில்லை என்ற உறுதியும், நடந்ததற்காக மனம் நோவதும் சேர்ந்ததே தவ்பா.

சூதில் ஜெயித்த பணம் ஆடியவருக்குச் சொந்தமாவதில்லை. யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் முகம் தெரியாதவர்களிடம் ஜெயித்திருந்தால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதில் இரண்டரை சதவீதம் ஸகாத் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. முழுவதுமே கைவிட வேண்டிய பணம் அது. அதைக் கொண்டு உம்ராவுக்குப் போகலாம் என்று நினைப்பதும் வேண்டாம்.

சூதில் தோற்று, 'பிறகு தருகிறேன்' என்று வாயளவில் ஏற்ற தொகை ஷரீஅத்தில் கடனே அல்ல. ஜெயித்தவருக்கு அதைக் கேட்கும் உரிமையும் இல்லை. ஆனால் ஆட்டத்தில் சேராத ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியது கடன்தான். அதைக் கட்டாயம் அடைக்க வேண்டும். கைப்பேசிக் கடன் கம்பெனிகளிடம் வட்டிக்கு வாங்கியிருந்தால், வட்டி ஏறிக்கொண்டே போகும் என்பதால் அதை முதலில் முடித்துவிடுங்கள். வீட்டார் உதவி செய்வதானால் பணத்தை மகன் கையில் கொடுக்காமல், கடன் கொடுத்தவரிடமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று தடவை மகன் கையில் கொடுத்து, மூன்று தடவையும் அது அறைக்கே போன வீடு ஒன்றை அறிவேன்.

மனைவியின் நகை மனைவியின் சொத்து. அது மஹராக வந்திருந்தாலும், தாய்வீட்டுச் சீராக வந்திருந்தாலும், அவள் மனமொப்பிக் கொடுக்காதவரை கணவனுக்கு அதில் ஒரு குண்டுமணிக்கும் உரிமையில்லை. அழுத்தம் தாங்காமல் கழற்றிக் கொடுத்தது மனமொப்பியதாகாது. அந்தப் பையனிடம், சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதியை ஒதுக்கி அடகை மீட்கும்படியும், மீட்கும் வரை அந்தத் தொகையை மனைவிக்குத் தான் பட்ட கடன் என்று இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னேன். அன்றிரவே எழுதினான். சாட்சிகளில் ஒருவர் அவனுடைய உம்மாவின் தம்பி. மற்றவர் எங்கள் பள்ளி முஅத்தின்.